விரட்டிய பூச்சி எங்கே போயிற்று?

ஐப்பசி மழை கரிசலை நனைத்துச் சென்ற சில நாள்களில் பாஞ்சாலங்குறிச்சி வட்டாரம் நிறம் மாறிவிடுகிறது. கோடையில் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்த புஞ்சையில் உளுந்தும் பாசியும் சோளமும் தலைகாட்டுகின்றன. வீட்டுத் தோட்டங்களில் கீரைப்பாத்தி தளிர்க்கிறது. வெண்டையும் கத்தரியும் இலை விரிக்கின்றன. அவரைக் கொடி பந்தலைத் தேடுகிறது. அதே மழைக்காகக் காத்திருந்த வேறொரு கூட்டமும் உண்டு. வரப்பு மண்ணுக்குள் முட்டைப் பொதிகளாய்ப் பல மாதம் கிடந்த வெட்டுக்கிளிகள் ஈரம் பட்டதும் குஞ்சுகளாய் வெளிவருகின்றன. சில வாரங்கள் இறகின்றித் தத்தித் திரிகின்றன; பின்னர் இறகு முளைத்து வேலி தாண்டுகின்றன. முந்தின நாள் பசுமையாய் நின்ற கீரைப்பாத்தி மறுநாள் வெறும் தண்டாய் நிற்பதைக் கண்ட குடும்பத்தலைவியின் வருத்தம் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

இதில் அறநெறிச் சிக்கல் என்ன இருக்கிறது என்று வாசகர்கள் வினவலாம். பூச்சி வந்தால் விரட்ட வேண்டும். விரட்டியும் போகாவிட்டால் கொல்ல வேண்டும். இதற்குச் சிந்தனை எதற்கு? ஆனால் மனச்சான்று பெரிய காரியங்களில் மட்டும் பயிற்சி பெறுவதில்லை. ஒரு பாத்திக் கீரையைக் காப்பாற்ற நாம் கையாளும் வழியில், அயலாரை நாம் உள்ளபடி எப்படி நடத்துகிறோம் என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

பூச்சியைக் கொல்வது பாவமா?

மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரியவர்களும் சில வேளை கேட்பதுண்டு. கடவுள் படைத்த உயிரைக் கொல்லலாமா என்று அவர்கள் தயங்குவது நல்ல தயக்கமே.

திருச்சபையின் விடை தெளிவானது. செடிகளையும் விலங்குகளையும் மனிதன் தன் தேவைக்குப் பயன்படுத்துவது முறையே என்று புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் நிறுவுகிறார். தன் குழந்தைகளின் உணவைக் காக்க ஒரு தாய் வெட்டுக்கிளியை நசுக்குவதில் பாவமில்லை. யூத மக்களுக்குச் சிலவகை வெட்டுக்கிளிகளை உண்ணவே லேவியர் நூல் இசைவளிக்கிறது. திருமுழுக்கு யோவானின் பாலைநில உணவும் நாம் அறிந்ததே. அதே வேளையில், விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் அழிப்பதும் மனித மாண்புக்கு ஒவ்வாதவை என்று 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி எடுத்துரைக்கிறது. காப்பதற்காகக் கொல்வது ஒன்று. வெறுப்பினால் வதைப்பது வேறொன்று.

அக்குவினாஸ் மற்றொரு கேள்வியையும் எழுப்புகிறார். பகுத்தறிவற்ற உயிர்களைச் சபிக்கலாமா? அவற்றைக் கடவுளின் படைப்பு என்னும் நிலையில் சபித்தால் அது படைத்தவரையே பழிப்பதாகும். அவற்றை அவற்றுக்காகவே சபித்தால் அது பயனற்ற வீண் செயலாகும் என்பது அவர் முடிபு. தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் விதை தரும் செடிகளையும் கனி தரும் மரங்களையும் மனிதனுக்கு வழங்கும் இறைவன், அடுத்த வசனத்திலேயே பசுமையான பூண்டுகளை ஊர்வனவற்றிற்கும் பறப்பனவற்றிற்கும் உணவாக வழங்குகிறார். கீரையைத் தின்ற வெட்டுக்கிளி திருடியதாக எண்ணி நாம் சினங்கொள்ளலாம். அதுவோ தனக்கு அளிக்கப்பட்டதைத் தின்றது. நம் பாத்திக்கும் அதன் பசிக்கும் இடையே உள்ள மோதலை வழக்கு என்று சொல்லலாம். குற்றம் என்று சொல்லுதல் தகாது.

கோழி செத்தது யார் பாவம்?

இவ்வளவோடு முடிந்தால் சிக்கல் எளிது. ஆனால் நாம் அறிந்த ஓர் ஊரில் இதைவிடக் கடினமான கேள்வி எழுந்தது. இரு வீடுகள், இடையில் ஒரு முள்வேலி. ஒரு வீட்டுக்காரர் பருத்திக்கு வாங்கியதில் மிஞ்சியிருந்த பூச்சிமருந்தைத் தம் வீட்டுத் தோட்டத்து வெண்டைக்கும் அவரைக்கும் அடித்தார். வெட்டுக்கிளிகள் கொத்துக் கொத்தாய் விழுந்தன. அடுத்த வீட்டுக் கைம்பெண்ணின் கோழிகள் வேலியைத் தாண்டிச் சென்று அவற்றைக் கொத்தித் தின்றன. மாலைக்குள் மூன்று கோழிகள் மாண்டன. முட்டை விற்றுப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும் வீடு அது.

அந்த அம்மையார் சண்டைக்குப் போகவில்லை. நம்மிடம் வந்து கேட்டார்: "பூச்சியக் கொன்னது பாவம் இல்லன்னு சொல்லுதீங்க. சரி சாமி. எங் கோழி செத்தது யாரு பாவம்?"

அறநெறி இறையியலில் இதற்கு நேரான விடை உண்டு. பிறருடைய எருதைக் கொல்பவன் செய்யும் பாவம் எருதுக்கு எதிரானது என்பதைவிட, அதன் உடைமையாளருக்கு இழைத்த அநீதி என்று அக்குவினாஸ் விளக்குகிறார். விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரம் இன்னும் நெருங்கி வருகிறது. ஒருவன் மூட்டிய தீ முட்செடிகளில் பற்றி, அடுத்தவனுடைய தானியக் கதிர்க்கட்டுகளை எரித்துவிட்டால், தீ மூட்டியவன் ஈடுசெய்ய வேண்டும் என்கிறது அச்சட்டம். எரிக்க வேண்டும் என்று அவன் எண்ணினானா என்று சட்டம் கேட்பதில்லை. தீ பரவும் இயல்புடையது என்பதை அறிந்தவன், அதை மூட்டும்போதே வேலிக்கு அப்பாலும் பார்த்திருக்க வேண்டும்.

நஞ்சும் தீயைப் போன்றதே. தெளித்த இடத்தில் நின்றுவிடும் பழக்கம் அதற்கு இல்லை.

'மருந்து' என்னும் சொல்

நம் மக்கள் பூச்சிக்கொல்லியை 'மருந்து' என்றே அழைக்கின்றனர். 'மருந்து அடித்தாயிற்றா?' என்பதே காட்டு வேலையில் கேட்கும் பேச்சு. குணப்படுத்துவதற்கு உரிய பெயரை நஞ்சுக்குச் சூட்டியபின் அதன் மீதுள்ள அச்சம் அகன்றுவிடுகிறது. டப்பாவின் மேல் அச்சிட்ட சிவப்பு முக்கோணம் கடும் நஞ்சைக் குறிப்பது என்பதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அதே டப்பா அடுப்பங்கரைப் பரணில், சிறுபிள்ளைகளும் மனமுடைந்தவர்களும் எட்டும் தொலைவில் வைக்கப்படுகிறது. முதுகில் தெளிப்பானைச் சுமந்து, வாயில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு போகும் கூலித்தொழிலாளியின் மூச்சில் அது முதலில் நுழைகிறது. மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லியைக் காய்கறிப் பயிர்களுக்குப் பயன்படுத்தலாகாது என்று நடுவணரசு 2005ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. பருத்திக்கென வாங்கியது மிஞ்சும்போது வெண்டைக்குப் போகும் வழக்கத்தை எந்தத் தடையாணை தடுக்கும்? வீட்டுக்காரரின் மனச்சான்றே தடுக்க வேண்டும்.

இதே பூச்சிக்கொல்லியைப் பற்றிய வரலாறு ஒன்று நாம் அறியத் தக்கது. வட அமெரிக்காவில் இனப்பெருக்கம் செய்யும் 'ஸ்வைன்சன்' பருந்துகள் ஆண்டுதோறும் தென் அமெரிக்காவின் அர்ஜென்டினாப் புல்வெளிகளுக்கு வலசை போகின்றன. அங்கே அவற்றின் பெரும்பகுதி உணவு வெட்டுக்கிளிகளே. 1995-96ஆம் ஆண்டுப் பருவத்தில் அந்நாட்டு உழவர்கள் வெட்டுக்கிளிகளை ஒழிக்க மோனோகுரோட்டோபாஸ் தெளித்தனர். நஞ்சுண்ட வெட்டுக்கிளிகளைத் தின்ற பருந்துகள் வயல்களிலும் மரத்தடிகளிலும் ஆயிரக்கணக்கில் மடிந்து கிடந்தன. உழவருக்கு இறைவன் ஊதியமின்றி அனுப்பிய காவலர்களை உழவரே தம்மையறியாமல் கொன்றுவிட்டனர்.

தொலைவில் உள்ள நாட்டின் செய்தி என்று இதைத் தள்ள வேண்டாம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் நம் கரிசல் வெளியின்மேல் தாழப் பறந்து திரியும் பூனைப்பருந்துகள் மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வருபவை. அவையும் வெட்டுக்கிளிகளைத் தேடி உண்பவையே. கரிச்சானும் பனங்காடையும் மைனாவும் ஓணானும் அப்பணியையே செய்கின்றன. அந்த அம்மையாரின் கோழிகளும், மடியும் நாள்வரை, இரு தோட்டங்களுக்கும் காவலாகவே இருந்தன. வேளாண் நச்சுப்பொருள்களால் மறையும் பறவைகளும் பூச்சிகளும் வேளாண்மைக்கே உதவுபவை. அவற்றின் இழப்பை ஈடுசெய்ய மீண்டும் புதிய தீங்குகளை நாட வேண்டியதாகிறது என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் சுட்டிக்காட்டினார்.

பாஞ்சாலங்குறிச்சி மக்களுக்குப் பழக்கமான கதை ஒன்று உண்டு. 1801ஆம் ஆண்டில் ஊமைத்துரையின் கோட்டை வீழ்ந்தபோது, கும்பினிப் படையினர் அதை இடித்துத் தரைமட்டமாக்கியதோடு நில்லாமல், அந்த இடத்தை ஏர் பூட்டி உழுது ஆமணக்கு விதைத்தனர் என்று இங்கே சொல்வர். பகைவன்மீது கொண்ட சினம் அவன் நின்ற மண்ணையும் விட்டுவைக்கவில்லை. முற்றுகையிட்ட நகரின் கனிமரங்களை வெட்டலாகாது என்று இணைச்சட்ட நூலின் 20ஆம் அதிகாரம் போர்க்காலத்திலும் எல்லை வகுப்பதை இங்கே நினைவுகூரலாம். பூச்சியின்மீது கொண்ட சினத்தால் மண்புழுவையும் தேனீயையும் கிணற்று நீரையும் நாம் தண்டிக்கும்போது, நம் முன்னோரின் மண்ணுக்கு அந்நியர் செய்ததாகச் சொல்லும் செயலை நாமே நம் மண்ணுக்குச் செய்கிறோம்.

விரட்டுவது மட்டும் குற்றமற்றதா?

சரி, நஞ்சு வேண்டாம். விரட்டிவிட்டால் போதும் என்று சிலர் கூறலாம். அதையும் சற்று ஆராய்வோம்.

2019 டிசம்பரில் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தைத் தாக்கிய பாலைவன வெட்டுக்கிளிகள், 2020 மே மாதத்தில் ஜெய்ப்பூர் நகருக்குள்ளும் புகுந்தன. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கூட்டத்தில் 4 கோடி முதல் 8 கோடி வரை வெட்டுக்கிளிகள் இருக்கலாம் என்றும், அவை ஒரு நாளில் 35,000 மனிதர் உண்ணும் அளவு தின்னும் என்றும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு கணக்கிட்டுள்ளது. அம்மாத இறுதியில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து நேரலகிரியில் வெட்டுக்கிளிகள் மொய்த்தபோது தமிழகமே அஞ்சியது. வேளாண் துறையினர் ஆராய்ந்து, அவை உள்ளூர் இனமே என்று தெளிவுபடுத்தினர்.

வடநாட்டு உழவர்கள் அந்நாள்களில் தட்டுகளையும் தகரங்களையும் தட்டி ஒலியெழுப்பி, கூட்டத்தைத் தம் வயலில் இறங்கவிடாமல் விரட்டியதைப் படங்களில் கண்டோம். அவர்களை யார் குறைகூற முடியும்? ஓராண்டு உழைப்பு கண்முன்னே அழியும்போது கையில் கிடைத்ததைத் தட்டத்தான் தோன்றும். ஆயினும் எழுந்து பறந்த கூட்டம் எங்கே இறங்கியது? தட்டுவதற்கு ஆளில்லாத வயலில், கணவன் பிழைப்புத் தேடி வெளியூர் போயிருந்த வீட்டின் நிலத்தில், நோயாளியின் நிலத்தில்.

வேப்பெண்ணெயும் இக்கேள்விக்கு விலக்கன்று. 1959இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் பிற செடிகொடிகளை மொட்டையடித்துவிட்டு வேப்பமரங்களை மட்டும் விட்டுச் சென்றதை ஜெர்மானியப் பூச்சியியலார் ஸ்முட்டரர் கண்டார். வேம்பைப் பற்றிய உலகளாவிய ஆய்வுகளுக்கு அது தூண்டுகோலாயிற்று. கொடிய நஞ்சுகளோடு ஒப்பிட வேம்பு எவ்வளவோ மேலானது. ஆனால் கசப்பு தெளித்த வெண்டையை விட்டு அகலும் வெட்டுக்கிளி, கசப்பு தெளிக்காத அடுத்த வீட்டுக் கீரையை நாடும் என்பதும் உண்மையே.

ஆகவே ஒரு பரிகாரம் நல்லதா என்று அறிய, நம் செடி பிழைத்ததா என்று மட்டும் பார்த்தல் போதாது. நம்மைவிட்டு நீங்கிய தீங்கு எங்கே போயிற்று என்றும் கேட்க வேண்டும். நம் வேலிக்குள் தீர்ந்துபோனதாக நாம் எண்ணும் துன்பங்கள் பலவும், அயலார் வேலிக்குள் குடியேறிய துன்பங்களே.

திருநூலும் திருச்சபையும் கேட்ட கேள்வி

இக்கோணத்தில் திருநூலைப் புரட்டினால் வியப்பான செய்தி ஒன்று கண்ணில் படுகிறது. எகிப்தை மூடிய வெட்டுக்கிளிகளை இறைவன் அகற்றியபோது, மேல்காற்றால் அவற்றைச் செங்கடலுக்குள் செலுத்தினார் என்று விடுதலைப் பயண நூலின் 10ஆம் அதிகாரம் குறிப்பிடுகிறது. இறைவாக்கினர் யோவேல் காட்டும் படையையும் அவர் வறண்ட பாழ்நிலத்திற்கும் கடலுக்குமே துரத்துகிறார். ஒரு மக்களின் வயலிலிருந்து எடுத்து வேறொரு மக்களின் வயலில் அவர் இறக்கிவிடவில்லை.

பழைய உரோமைச் சடங்குமுறை நூலில் எலி, வெட்டுக்கிளி, புழு ஆகியவற்றுக்கு எதிரான மன்றாட்டு ஒன்று இருந்தது. அவை வயலைவிட்டு அகல வேண்டும் என்பதோடு அம்மன்றாட்டு நிற்பதில்லை. எவருக்கும் தீங்கிழைக்க இயலாத இடங்களுக்கு அவை செல்ல வேண்டும் என்றும் வேண்டுகிறது. குருவானவர் தம் பங்கு மக்களின் வயலுக்காக மன்றாடும்போதும் அடுத்த பங்கின் வயலை மறக்கலாகாது என்று திருச்சபைத் தாய் கருதியிருக்கிறாள்.

பதினாறாம் நூற்றாண்டில் சவோய் நாட்டின் சேன் ஜூலியன் என்னும் ஊரில் நிகழ்ந்த வழக்கு இன்று நகைப்பைத் தரலாம். திராட்சைத் தோட்டங்களை அழித்த கூன்வண்டுகள்மீது 1587இல் ஊரார் திருச்சபை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். வண்டுகளுக்கும் ஒரு வழக்கறிஞர் அமர்த்தப்பட்டார். பசும்பூண்டு ஊர்வனவற்றிற்கும் உணவாகத் தரப்பட்டது என்னும் தொடக்கநூல் வசனமே அவர் தரப்பின் ஆதாரம். இறுதியில் ஊரார் ஒன்றுகூடி, வண்டுகள் பிழைப்பதற்கென ஊருக்கு வெளியே ஒரு நிலத்தை ஒதுக்க முன்வந்தனர். அந்நிலம் விளைச்சலற்றது என்று வண்டுகளின் வழக்கறிஞர் மறுத்தாராம்! தீர்ப்பு என்னவென்று அறிய வழியில்லை. ஏட்டின் கடைசிப் பக்கத்தை எலிகளோ பூச்சிகளோ அரித்துவிட்டன. அவ்வூராரின் சட்டமுறையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் 'இங்கிருந்து போ' என்று சொல்பவர், 'எங்கே போவது' என்பதற்கும் விடை தேடக் கடமைப்பட்டவர் என்பதை அந்த எளிய திராட்சைத் தோட்டக்காரர்கள் உணர்ந்திருந்தனர்.

என்ன செய்யலாம்?

வெட்டுக்கிளியின் வாழ்க்கைமுறையே நமக்கு வழி காட்டுகிறது. அது பெரும்பாலும் நம் பாத்திக்குள் பிறப்பதில்லை. வரப்பிலும், ஓடைக்கரையிலும், புறம்போக்கிலும், எவரும் தம்முடையது என்று கருதாத இடங்களிலும் முட்டையிடுகிறது. இறகு முளைத்தபின் அதற்கு வேலியில்லை. இறகு முளைக்குமுன் அது யாருடையதும் அல்லாத மண்ணில் இருக்கிறது. எனவே தனி வீட்டின் முயற்சி எப்போதும் காலந்தாழ்ந்ததாகவே அமையும்.

வெட்டுக்கிளிப் பேரழிவைக் கண்ட யோவேல், அவரவர் தோட்டத்தை அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. எக்காளம் ஊதி முதியோரையும் சிறுவரையும் பால்குடிக்கும் குழந்தைகளையும்கூட ஒரே சபையாய்க் கூட்டச் சொன்னார். நம் தெருவுக்கும் இது பொருந்தும். கோடை மழை பெய்ததும் நிலத்தை உழுதுபோட்டால் மண்ணுக்குள் இருக்கும் முட்டைகள் வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். பொது வரப்புகளைச் சேர்ந்து செதுக்கினாலும் அப்பயன் கிட்டும். குஞ்சுகள் தத்தும் பருவத்தில் கோழிகளைத் திறந்துவிடலாம். விடியற்காலைக் குளிரில் வெட்டுக்கிளிகள் விறைத்து அமர்ந்திருக்கும். அப்போது கையாலோ வலையாலோ பிடித்தல் எளிது. கீரைப்பாத்தியைப் பழைய கொசுவலையால் மூடலாம். வேப்பெண்ணெய்க் கரைசலை இரு வீட்டாரும் ஒரே நாளில் தெளிக்கலாம். ஓரத்தில் எருக்கும் புல்லும் சிறிது நிற்க விட்டால், கசப்பை விட்டு அகலும் பூச்சிக்கும் போக்கிடம் உண்டு. இவற்றுக்குப் பின்னும் சில இலைகள் போகும். போகட்டும். அறுவடையில் வயலோரத்தைக் கடைசிவரை அறுக்காதே, உதிர்ந்ததைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியருக்கும் உரியது என்று லேவியர் நூல் கட்டளையிடும்போது, நூற்றுக்கு நூறும் எனக்கே என்னும் மனநிலையையே அது கடிகிறது.

முன்னே கூறிய இரு வீட்டாரின் செய்திக்கு வருவோம். மருந்தடித்தவர் நல்லவர், விடுதலைப் பயணச் சட்டத்தைக் கேட்டதும் கோழிகளுக்குரிய விலையைக் கொண்டுபோய் நீட்டினார். அம்மையார் சொன்னது: "துட்டு கெடக்கட்டும் அண்ணாச்சி. அடுத்த தடவ அடிக்கதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லுங்க. கோழியப் பிடிச்சு அடைச்சிருதேன்." ஈடு கொடுப்பது நீதி, அதை அவர் கொடுக்கத்தான் வேண்டும், கொடுத்தார். ஆனால் அம்மையார் கேட்டது அதனினும் பெரிது. செயலுக்குமுன் ஒரு சொல். வேலிக்கு அப்பால் ஓர் ஆள் இருக்கிறாள் என்னும் நினைவு.

வெட்டுக்கிளியை வைத்துக் கற்ற இப்பாடம் தோட்டத்தோடு முடிவதில்லை. நம் வீட்டுக் குப்பை தெருமுனைக்குப் போகிறது; தெருமுனை யாருடைய வாசல்? நம் கழிவுநீர் தாழ்ந்த தெருவுக்கு ஓடுகிறது. அங்கே குடியிருப்பவர் யார்? நகரம் வேண்டாம் என்று ஒதுக்கும் ஆலையின் புகையைச் சிற்றூர் ஒன்று சுவாசிக்கிறது. அலுவலகத்தில் அடக்கிய சினத்தை வீட்டில் மனைவி மக்கள்மீது இறக்குகிறோம். எல்லா இடத்திலும் நாம் தூய்மையாகிவிட்டோம். தீங்கு மட்டும் இடம் மாறியிருக்கிறது.

தொடக்கநூலில் முதல் உழவன் காயின். நிலத்தைப் பண்படுத்தியவன், விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்தவன். வயல்வெளியில் தம்பியைக் கொன்றபின் அவனிடம் இறைவன் பயிரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உன் சகோதரன் எங்கே என்றே கேட்டார். மழை முடிந்து பாத்தி தளிர்க்கும் இந்நாள்களில், கையில் எந்தக் கரைசலை எடுத்தாலும் எடுக்குமுன், அக்கேள்வி நம் செவியிலும் விழுமாக. விழுந்தால், வேலியருகே சென்று அடுத்த வீட்டாரைப் பெயர் சொல்லி அழைப்போம்.